அப்பா வாங்கி வந்த சின்னக் கப்பல்

எங்கள் வீட்டில் எதையும் அளவாக வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. என் சீருடைப் பாவாடை கணுக்காலைத் தொட்டுக்கொண்டு தொங்கும். அண்ணனின் சட்டைக்குள் இன்னொரு அண்ணனை நுழைக்கலாம். இரண்டாம் வகுப்பு முழுக்க நான் ஷூவுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் நடந்தேன். வளர்கிற பிள்ளைகள், பெரிதாகவே இருக்கட்டும் என்று எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். எங்கள் அப்பா சொல்வதற்குக் காரணம் வேறு. அவர் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் மோல்டு செய்கிறவர். பொம்மை வார்க்கிற அச்சைத்தான் மோல்டு என்பார்கள். வார்த்த மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். சாண் உயரப் பிள்ளையார் வேண்டுமென்றால் சாணைத் தாண்டித்தான் மோல்டு போட வேண்டும். இந்தக் கணக்கைப் பட்டறையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு, "இன்னும் ஒரு சைசு கூட்டிக் குடுங்க" என்பதுதான்.

"உங்கப்பாகிட்ட டம்ளர் கேட்டா குண்டான் வாங்கியாருவாரு" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அப்போது எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மடியில் ஒளித்து வைத்திருந்து பொட்டென்று போட்டு உடைக்கிற வித்தையெல்லாம் எனக்குப் பிடிக்காது. நான் சொல்லப் போவது என் அண்ணன் உயிரோடு இருந்த கடைசி மழைக்காலத்தை. அவன் பத்தாவது பரீட்சை எழுத வேண்டிய வருடம். எனக்கு எட்டு வயது. அவனுக்கு ரத்தத்தில் வந்த நோய். பெரியவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், என் காது கேட்க அதை உச்சரிக்க மாட்டார்கள். எனக்குச் சொன்னது ‘அண்ணனுக்கு ரத்தம் கம்மி’ என்று மட்டும்தான். கம்மி என்றால் ஊற்றி நிரப்பிவிடலாம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவன் தட்டில் பீட்ரூட், பேரீச்சம்பழம், மாதுளை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தபடி இருக்கும். எனக்கு அதில் பங்கு கிடையாது. அந்த வருடம் அண்ணனை நினைத்து எனக்கு வந்த பெரிய உணர்ச்சி, பொய் சொல்வானேன், பொறாமைதான்.

ரத்தம் ஏற்றவும் ஊசி போடவும் அவனைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற வழியில், பழைய பிரெஞ்சுக்காரத் தெருக்களின் பக்கம் ஒரு கடை. வெளிநாட்டு விளையாட்டுச் சாமான், வர்ணப் பெட்டி, பாகம் பாகமாக வாங்கி நாமே ஒட்டிச் செய்கிற ரயில், விமானம் எல்லாம் விற்கிற கடை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் மரத்தில் செய்த ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் அங்கே நின்றுவிடுவான். கிரிக்கெட் மட்டையும் கையுமாக மணிமுத்தாற்று மணலில் கிடந்தவன் அவன். டாக்டர், ஓடக் கூடாது, வெயிலில் போகக் கூடாது, கும்பலில் நிற்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது உட்காருவது மட்டும்தான்.

ஒருநாள் வீட்டில் அவனே வாய் திறந்து கேட்டான். அவன் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. "அந்தக் கப்பல் செட்டு ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா. ஸ்கூலு பாதியில நிக்குது, டோர்னமெண்ட்டு பாதியில நிக்குது. எதுவுமே முடிக்கல நானு. இத ஒண்ணயாவது முழுசா முடிச்சிப் பாக்கணும்" என்றான். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா அப்போதே சரி என்றார்.

அடுத்த தடவை புதுச்சேரிக்குப் போகும்போது எனக்குப் பள்ளி விடுமுறை. என்னையும் கூட்டிப் போனார்கள். அம்மா மாத்திரைப் பையை வைத்துக்கொண்டு கடையின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். கடைக்காரர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். யாருக்கு என்று கேட்டார். அப்பா அண்ணனைக் காட்டினார். இதற்கு முன்னால் செய்து பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் மேல் தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். அட்டையில் ஒற்றைப் பாய்மரத்தோடு ஒரு மீன்பிடிப் படகு.

அப்பா அதைத் தொடக்கூட இல்லை. கீழே சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பெரிய பெட்டியைக் காட்டி, "அது?" என்றார். அது மூன்று பாய்மரம் உள்ள போர்க் கப்பல். இரண்டு பக்கமும் பீரங்கிகள், ஏணி ஏணியாகக் கயிறுகள். அட்டைப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நான் அதன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

"மொதமொதல்ல செய்யறவங்க சின்னதுலதான் சார் ஆரம்பிக்கணும்" என்றார் கடைக்காரர். "பலகையும் கம்மி, கயிறும் கம்மி. கை பழகிடும். எடுத்த எடுப்புல பெருச வாங்கிட்டுப் போறவங்க அத முடிக்கவே மாட்டாங்க. பாதியில பரண்ல போட்டுடுவாங்க."

அண்ணன் சின்னப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த படத்தாளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது எத்தன நாள்ல முடியும்ங்க?" என்று கேட்டான்.

"ஒக்காந்து செஞ்சா ஒரு மாசத்துல முடிச்சிடலாம் தம்பி."

"அது?"

"அது ஒரு வருசம் ஆவும். ரெண்டு வருசமா செய்யறவங்களும் இருக்காங்க."

அண்ணன் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தான். "எனக்கு இது போதும்ப்பா" என்றான்.

அப்பாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பட்டறையில் சூளை இரைச்சலில் பேசிப் பழகிய குரல் அவருக்கு, கடையே திரும்பிப் பார்த்தது. "எதுக்கு சின்னது? எம் புள்ளைக்கு நேரந்தான் நெறைய இருக்குதே! ரெண்டு வருசம் ஆவட்டும், மூணு வருசம்கூட ஆவட்டும். இப்ப என்னா? பெருசையே கட்டுங்க" என்றார். நானும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெருசுதாம்ப்பா, பீரங்கி வச்சதுதாம்ப்பா" என்று குதித்தேன். கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். தலைமுடி எல்லாம் கொட்டிப்போனதால் அவன் குல்லாய் போட்டிருந்தான். புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டியிருந்தது. அதன் பிறகு அவர் சின்னப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பெரிய பெட்டியைத் துணியால் துடைத்துக் கட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில் பெட்டியை என் மடியில்தான் வைத்துக்கொண்டேன். நெய்வேலி தாண்டும் வரை, கப்பலை எங்கே வைப்பது என்று நானும் அப்பாவும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தோம். டிவிக்கு மேலே வைக்கலாம் என்றேன் நான். டிவி பற்றாது, தனியாகப் பலகை அடித்துவிடலாம் என்றார் அப்பா. அண்ணன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். அல்லது தூங்குகிற மாதிரி இருந்தான்.

பெட்டியைப் பிரித்தபோது உள்ளே கப்பல் என்று எதுவுமே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீளமாக ஒரு முதுகுப் பலகை, அதில் குறுக்கே செருகுகிற விலாப் பலகைகள், கட்டுக் கட்டாக மெல்லிய மரக் கீற்றுகள், நூல் உருண்டைகள், குண்டுமணி அளவுக்குப் பீரங்கிகள். படத்தாளில் இருந்த எழுத்து ஆங்கிலம் இல்லை, வேறு என்னவோ. படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். கப்பல் சாயாமல் நிற்பதற்கு அப்பா பட்டறையிலிருந்து பிளாஸ்டரில் ஒரு பீடம் வார்த்துக் கொண்டுவந்தார். விலாப் பலகைகள் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன. பெரிய மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்த மாதிரி இருந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டு, எம்மாம் பெருசு, எம்மாம் பெருசு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு பலகையை ஒட்டுவான், படுத்துவிடுவான். சில நாட்கள் தாளை மட்டும் பார்த்துக்கொண்டு கிடப்பான். அப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே போய் நிற்பார். ஜுரம் எவ்வளவு என்று கேட்க மாட்டார், கப்பல் எவ்வளவு ஆயிற்று என்றுதான் கேட்பார். கொஞ்சம்தான் ஆனது என்றால் அவர் முகம் தெளிந்துவிடும். "மெதுவா செய்யி. யாரு தொரத்தறா?" என்பார். அண்ணன் மட்டும் மிச்சமிருக்கிற கீற்றுக் கட்டுகளைத் திருப்பித் திருப்பி எண்ணிக்கொண்டிருப்பான். "இந்த வேகத்துல போனா ஆவாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பாக வந்தது. வீட்டில் சும்மா படுத்திருக்கிறவனுக்கு என்ன அவசரம்?

விலா எலும்பெல்லாம் நின்ற பிறகு கீற்றுகளை ஒட்ட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் கீற்று இளகும். அதை வளைத்து விலாவின்மேல் படிய வைத்து, துணி மாட்டுகிற கிளிப்பைப் போட்டுக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகுதான் பசை. அண்ணன் ஒரு பக்கம் முழுக்க வளைத்துக் கிளிப் போட்டு முடித்தான். அன்றைக்கு ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தது, பள்ளிக்கு லீவு விட்டார்கள். வீட்டுக்குள் கயிறு கட்டிப் போட்ட துணியே காயவில்லை, கீற்று எப்படிக் காயும்? காலையில் கண் விழித்ததும் அண்ணன் கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பான். "இன்னும் ஈரமாத்தான் இருக்குதும்மா" என்பான். சாப்பிட மாட்டான். அம்மா அவன் வாயில் ஊட்டவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஈரம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா விழித்துக்கொண்டார். கப்பல் செய்யும் வேலையில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை, ஆனால் ஈரம் அவருடைய பேட்டை. செராமிக்காரர்களுக்குத் திருட்டு பயத்தைவிட ஈரத்துக்குப் பயம் அதிகம். உள்ளே துளி ஈரம் தங்கிய பொம்மை சூளைக்குள் போனால் வெடித்துவிடும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். அதனால் சூளையின் மேல்தளத்தில், கீழிருந்து வருகிற சூட்டில், வேகாத பச்சைப் பொம்மைகளை அடுக்கி எலும்பு வரை காய வைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் பள்ளிச் சீருடை அந்தச் சூளை மேல்தான் காயும். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னிக்கோ காய வச்சிக் குடுத்திருப்பேனே" என்று அப்பா துள்ளினார். அண்ணன் படத்தாளைக் காட்டினான். அதில் ஒரு சூரியன் படம் போட்டு, மேலே பெருக்கல் குறியும் போட்டிருந்தது. அப்பா அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "வெயில்ல வெக்கக் கூடாதுன்னுதான போட்டிருக்கான்? நம்ம வெக்கப்போறது சூள மேல" என்றார். அதற்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. காய வைப்பதைப் பற்றி அவரிடம் யார் பேசுவது?

பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மொபெட்டின் முன்பக்கம் வைத்து, மழையில் நனைந்துகொண்டே கொண்டுபோனார். சூளையின் மேல் அவரே இடம் ஒதுக்கி, பிள்ளையார்களை நகர்த்திவிட்டு அங்கே வைத்தாராம். மறுநாள் அதைத் துண்டில் சுற்றித்தான் எடுத்து வந்தார். துண்டைப் பிரிக்க அவர் கை வரவில்லை, அம்மாதான் பிரித்தாள். கீற்றுகள் கிளிப்பையும் பிடுங்கிக்கொண்டு அப்பளம் மாதிரி சுருண்டிருந்தன. பாதி நெடுக்காகப் பிளந்திருந்தது. பசை விட்டு விலாக்கள் சரிந்து கிடந்தன. முதுகுப் பலகை வாழைக்காய் மாதிரி வளைந்துவிட்டது.

"சுருங்கும்னுதான் நெனச்சேன். முறுக்கிக்கும்னு தெரியாமப் போச்சே" என்றார் அப்பா. வாய்விட்டு அழுதது நான் ஒருத்திதான். அண்ணன், "பரவால்லப்பா, வுடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், அவன் அதற்குள் எந்தப் பக்கம் இருக்கிறான் என்றே தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போனபோது என்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆட்டோ வந்து நின்றது. அப்பா அண்ணனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவ்வளவு பெரிய பையனைக் குழந்தையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு போகிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிப்போய் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். "இனிமே கூட்டியார வேணாம்னுட்டாங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்கே வர வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்! தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடி, அண்ணனுக்கு நல்லாயிடுச்சு என்று வீடு வீடாகச் சொன்னேன். மறுநாள் வகுப்பிலும் சொன்னேன். டீச்சர் என் தலையைத் தடவிவிட்டு, ஏற்கெனவே அழித்து வைத்திருந்த போர்டை மறுபடியும் அழித்தார்.

அன்று சாயங்காலம் அப்பா துணிப்பைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். நேற்றே வாங்கி வந்திருக்கிறார், கொடுக்கத்தான் ஒரு நாள் ஆகியிருக்கிறது. கடைக்காரர் முதன்முதலில் எடுத்துக் காட்டினாரே, அதே சின்னப் பெட்டி. ஒற்றைப் பாய்மரப் படகு.

"என்னாப்பா இது, இம்மாந்தூண்டு! கடைக்காரரு உங்க தலையில கட்டிட்டாரா?" என்று கத்தினேன். அப்பா ஒரு பொருளைக் கூட்டாமல் வாங்கியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்து, கோபப்படவும் செய்தேன். அந்தப் பீரங்கிக் கப்பலை மறுபடியும் வாங்கி வருவார் என்று அத்தனை நாளாகக் காத்திருந்தவள் நான்.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அட்டைப் படத்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பாவால் அங்கே நிற்க முடியவில்லை. விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனார். அடிபம்பு அடிக்கிற சத்தம் கேட்டது, அடித்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "அண்ணா, அப்பா பக்கெட்டே வெக்காம தண்ணி அடிக்கறாரு" என்று சொல்லிச் சிரித்தேன். அண்ணனும் சிரித்தான். அம்மா அப்பாவைக் கூப்பிடப் போகவில்லை.

அப்பா உள்ளே வந்தபோது முகமெல்லாம் தண்ணீராக இருந்தது. "இது போதும்ப்பா. இத முடிச்சிடலாம்" என்றான் அண்ணன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழானது. கடை பஜ்ஜி கூடாது, ஊறுகாய் கூடாது, ஐஸ்கிரீமைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றிருந்த சட்டமெல்லாம் ஒரே நாளில் போனது. அண்ணன் கேட்டதெல்லாம் வந்தது, அதில் எனக்கும் பங்கு கிடைத்தது. உடம்பு சரியானதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்தார். நல்லூரிலிருந்து அத்தை வந்தாள். நல்ல சேதி கேட்டு வருகிறார்கள் என்று நானே வாசலில் நின்று வரவேற்றேன். அத்தை போகும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தை கல்யாண வீட்டிலும் அழுகிறவள்தான், அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிளிப் கேட்டால் கிளிப், பசை கேட்டால் பசை என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் விரல் நடுங்கும், கீற்று நழுவி விழும். அப்பா பொறுக்காமல் கையை நீட்டினால், "நீங்க புடிச்சிக்கிட்டா மட்டும் போதும்ப்பா, நான் ஒட்டறேன்" என்பான். இந்தத் தடவை கீற்றை ஊற வைத்து வளைத்த பிறகு அதை அப்பா எங்கேயும் கொண்டுபோகவில்லை. விரல் நுனியால் அவ்வப்போது தொட்டுப் பார்ப்பார். கையைச் சட்டென்று எடுத்துக்கொள்வார். மழை விட்டிருந்தது, தானாகவே காய்ந்தது.

நூல் கட்டும் வேலை வந்தபோது அண்ணனால் முடிச்சுப் போட முடியவில்லை. என் விரல் சின்னது என்று என்னைக் கூப்பிட்டான். நான் ஏனோதானோவென்றுதான் கட்டினேன், எனக்கு அந்தப் படகின் மேல் இருந்த கோபம் தீரவில்லை. நாளைக்கு மிச்சத்தைச் செய்துகொள்ளலாம் சாமி, படு என்பாள் அம்மா. "இன்னிக்கே செஞ்சிடறேம்மா" என்பான். உதடு வெளுத்துப் போயிருக்கும். தலையணையில் சாய்ந்துகொண்டே நான் கட்டுகிற முடிச்சைப் பார்த்து, தப்பு, அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டு என்பான். எனக்கு எரிச்சலாக வரும். நாளைக்குக் கட்டினால் கப்பல் ஓடியா போய்விடும் என்று கேட்டிருக்கிறேன். அவன் அடுத்த நூலை எடுத்து நீட்டுவான்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், அண்ணன் பாய்த் துணியைக் கட்டி மேலே இழுத்தான். படகை உள்ளங்கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். இனிமேல் ஒட்டுவதற்கும் கட்டுவதற்கும் ஒன்றும் இல்லை என்று அவனுக்கே நம்பிக்கை வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான், காலியாக இருந்தது. "முடிஞ்சிடுச்சிப்பா" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. அம்மா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அப்பா படகின் அடிப்பக்கத்தை மெதுவாகத் தடவினார்.

யாரும் பேசவில்லையே என்று நான்தான் பேசினேன். "ச்சே, இவ்ளோதானா! அதுக்குள்ள முடிஞ்சிபோச்சே. பெருசா வாங்கியிருந்தா அடுத்த வருசம் வரைக்கும் செஞ்சிக்கிட்டே இருந்திருக்கலாம்ல?"

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அம்மா என்னை அடித்ததே கிடையாது. தட்டை உடைத்தபோதும், அவளுடைய கம்மலைத் தொலைத்தபோதும் அடிக்காதவள். அப்பா வாங்கிவந்ததைக் குறை சொன்னதற்குத்தான் அடி என்று நான் முடிவு செய்துகொண்டேன். ரொம்ப நாள் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அவள ஏம்மா அடிக்கற?" என்றான் அண்ணன். படகை அவன் கீழே வைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் மனசுக்குள்ள கேக்கறதத்தான அவளும் கேக்கறா."

அம்மா என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டு குரலெடுத்து அழுதாள். அவள் உடம்பு குலுங்கியதில் என் பல்லோடு பல் இடித்தது. அடித்துவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று எனக்கு அவள்மேல் பாவமாகிவிட்டது. "எனக்கு வலிக்கவே இல்லம்மா" என்றேன். அவள் நிறுத்தவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய ஆறுதலாகப் பார்த்து ஒன்று சொன்னேன். "அழாதம்மா. அண்ணனுக்குத்தான் நல்லாயிடுச்சே. அடுத்தது பெருசாவே வாங்கிக்கலாம்."

மூன்று பேரில் ஒருவரும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. அதனால் வாங்கப்போகிறோம் என்றே நினைத்துக்கொண்டேன்.